ஹெவி மெட்டல் டிரம்மர்: கால், காது, காகிதம்

"மெட்டல் டிரம்மர்கள் அவ்வளவு வேகமாக வாசிப்பது எப்படி? அந்த வேலையில் எத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க முடியும்? அதை வைத்துப் பிழைக்க முடியுமா?" என்று மூன்று கேள்விகள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைத்தான். ஆனால் முப்பது வருஷம் மேடையில் இருக்கிற டிரம்மர்களைப் பார்த்தால், அவர்களில் எல்லோரும் அசுர வேகக்காரர்கள் இல்லை. ஒவ்வொரு அடியையும் ஒரே பலத்தில், உடம்பை இறுக்காமல் அடிக்கத் தெரிந்தவர்கள். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படித்தவர்கள்.

வேகத்தை முதலில் கணக்காகப் பார்த்துவிடலாம். 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 பீட்) பாட்டில் ஒவ்வொரு பீட்டையும் நான்காகப் பிரித்து, கிக் டிரம்மை (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தால் நொடிக்கு 13 அடிக்குச் சற்று மேல். ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 75 மில்லி செகண்ட். 250 பிபிஎம்மில் அந்த இடைவெளி 60 மில்லி செகண்டாகச் சுருங்கும். ஒரு காலுக்கு மட்டும் நொடிக்கு எட்டு அடிக்கு மேல் வரும். தொடையைத் தூக்கித் தூக்கி மிதித்து இந்தக் கணக்கை எட்டவே முடியாது.

இந்த இடத்துக்கு இசை படிப்படியாகத்தான் வந்தது. 1970ல் பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தில் பில் வார்டு வாசித்ததைக் கேட்டால், அது ஜாஸ் கேட்டு வளர்ந்தவரின் கை என்பது தெரியும். ஸ்விங் அப்படியே இருக்கும். 1979ல் மோட்டர்ஹெட்டின் ஃபில் டெய்லர் 'ஓவர்கில்' பாட்டை டபுள் பாஸ் (இரண்டு காலாலும் கிக் அடிப்பது) ஓட்டத்தின் மேலேயே கட்டினார். 1986ல் ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்' வந்தது: பத்துப் பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்கூடக் கிடையாது. ஹவானாவில் பிறந்த டேவ் லொம்பார்டோ அதில் வாசித்தது ஒரு தலைமுறைக்கே பாடப்புத்தகம். அதற்கடுத்து நேபாம் டெத்தின் மிக் ஹாரிஸ், மார்பிட் ஏஞ்சலின் பீட் சாண்டோவல் போன்றவர்கள் பிளாஸ்ட் பீட்டை (கையும் காலும் இடைவிடாமல் அதிவேகமாக அடிக்கும் தாளம்) தனி மொழியாகவே ஆக்கினார்கள்.

இனி கால். ஏறக்குறைய 140, 150 பிபிஎம் வரை முழுக்காலால், அதாவது இடுப்பிலிருந்து தூக்கி, வாசிக்கலாம். சத்தமும் கனமாக இருக்கும். 180க்கு மேல் கணுக்கால்தான் வேலை செய்ய வேண்டும். தொடை அசையாமல் மிதந்துகொண்டிருக்கும். சிக்கல் நடுவில் உள்ள 150 முதல் 180 வரையான பகுதி. தொடைக்கு அது அதிக வேகம், கணுக்காலுக்கோ பிடிபடாத மெதுவான வேகம். பலரும் மாதக்கணக்கில் முட்டி நிற்பது இங்கேதான். அப்போது செய்கிற தவறு ஒன்றே ஒன்று: காலை விறைப்பாக்கி நடுங்கவிடுவது. பத்து நொடிக்கு அது வேலை செய்யும். பிறகு கெண்டைக்கால் தசையும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள தசையும் ஒரே நேரத்தில் இறுகும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுத்தால்தான் பாதம் ஆடும். இரண்டும் பிடித்துக்கொண்டால் கால் பூட்டிக்கொள்ளும், முன்பக்கத் தசை எரியும்.

இதைத் தாண்ட, கணுக்கால் அசைவை மெதுவான வேகத்திலேயே பழக வேண்டும். 120 பிபிஎம்மில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) போட்டு, குதிகாலைச் சற்றே உயர்த்தி, தொடையைத் தூக்காமல், ஒரு காலால் மட்டும் இரண்டு நிமிடம். பிறகு மற்றக் கால். பிறகு இரண்டும் சேர்த்து, இடது காலில் தொடங்கி. வலக்காலில் தொடங்கி மட்டுமே பழகினால் இடது கால் எப்போதும் பின்தொடர்கிற காலாகவே இருந்துவிடும். சுத்தமாக வந்தால் மட்டும் 2 அல்லது 3 பிபிஎம் கூட்டலாம். இன்னொரு பக்கம், எட்ட வேண்டிய வேகத்தில் குறும்பாய்ச்சல்: 200ல் ஒரு பீட் மட்டும் அடித்து மூன்று பீட் ஓய்வு, சில நாள் கழித்து இரண்டு பீட் அடித்து இரண்டு பீட் ஓய்வு. இரண்டையும் ஒரே வாரத்தில் கலந்து செய்பவர்களுக்குத்தான் அந்த நடுப்பகுதி திறக்கிறது.

"சுத்தமாக வந்ததா" என்பதைக் காதை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஃபோனைக் கிக் டிரம் பக்கத்தில் தரையில் வைத்துப் பதிவு செய்து, ஏதாவது ஆடியோ எடிட்டரில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உயரமான முள், குட்டை முள், உயரமான முள், குட்டை முள் என்று வரிசையாக நிற்கும். அந்தக் குட்டை முள்கள் எல்லாம் இடது கால். இடைவெளியும் சமமாக இருக்காது. இரண்டிரண்டு அடியாக ஒட்டிக்கொண்டு நொண்டும். வாசிக்கும்போது இது தெரியவே தெரியாது.

அந்தக் குட்டை முள்ளுக்குக் கால் மட்டும் காரணம் இல்லை. டபுள் பெடலில் இடது பெடல் ஒரு நீளத் தண்டு வழியாகத்தான் வலது பெடலில் உள்ள இரண்டாவது சுத்தியலை இயக்குகிறது. தண்டின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட். அதில் உராய்வு உண்டு, தேய்ந்தால் ஆட்டமும் உண்டு. ஆட்டம் இருந்தால் மிதித்த பிறகு ஒரு நொடிப்பிசிறு தாமதமாகத்தான் சுத்தியல் கிளம்பும். தண்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். சுத்தியல் அசையாமல் தண்டு மட்டும் திரும்பினால் ஜாயின்ட்டை மாற்ற வேண்டும், அல்லது அதன் திருகாணிகளை இறுக்க வேண்டும். உராய்வை ஈடுகட்ட இடது ஸ்பிரிங்கை வலதைவிட ஒரு சுற்று கூடுதலாக முறுக்குவது வழக்கம். ஸ்பிரிங் அளவைச் சரிபார்க்க எளிய வழி: பாதம் பலகையை விட்டு விலகாமல் மேலே வரும்போது சுத்தியல் அதோடு கூடவே திரும்ப வேண்டும். பின்தங்கினால் ஸ்பிரிங் தளர்வு. பாதத்தைத் தள்ளினால் இறுக்கம்.

இருக்கை உயரமும் இதே அளவு முக்கியம். இடுப்பிலிருந்து முழங்காலுக்குத் தொடை லேசாகக் கீழே சரிய வேண்டும். மிகத் தாழ்வாக உட்கார்ந்தால் முதுகு வளைந்து, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு மடிப்புத் தசையே முழு எடையைத் தூக்கும். மிக உயரமாக உட்கார்ந்தால் உடல் எடை பாதத்தில் விழுந்து கணுக்கால் சுதந்திரமாக ஆடாது. வேகம் கூடும்போது பாதத்தைச் சங்கிலிக்கு அருகிலிருந்து சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டால் கணுக்காலுக்குப் பலகையின் துள்ளல் சரியாகக் கிடைக்கும். சங்கிலிப் பெடலா, டைரக்ட் டிரைவா (சங்கிலிக்குப் பதில் உலோகத் தண்டு) என்ற சண்டை முடிவில்லாதது. டைரக்ட் டிரைவில் சங்கிலித் தளர்வு இல்லை, உடனுக்குடன் பதில் சொல்லும். காலில் உள்ள குறையையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். 180 சுத்தமாக வரும்வரை அதற்குப் பணம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

டபுள் பெடலே இல்லாமலும் இந்த வேலை நடக்கும். 1982ல் அயர்ன் மெய்டனில் சேர்ந்த நிக்கோ மெக்பிரைன் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒற்றைப் பெடலிலேயே வாசித்தார். 2003ல் வந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டில்தான் டபுள் பெடல். மெய்டனின் குதிரைப் பாய்ச்சல் தாளத்துக்கு ஒற்றை வலக்காலே போதும் என்று காட்டியவர்.

கைகளைப் பொறுத்தவரை, பிளாஸ்ட் பீட்டில் வகைகள் உண்டு. பழைய வகையில் வலக்கையும் கிக்கும் சேர்ந்து விழ, ஸ்னேர் (முன்னால் வைத்துக் கையால் அடிக்கும் சிறு டிரம்) இடைவெளியில் விழும். பாம் பிளாஸ்ட்டில் கால்கள் இரண்டும் இடைவிடாமல் ஓட, கைகள் அதில் பாதி வேகத்தில். ஹாமர் பிளாஸ்ட்டில் கைகளும் கிக்கும் ஒன்றாகவே விழும். கிராவிட்டி பிளாஸ்ட்டில் ஸ்னேரின் விளிம்பில் ஸ்டிக்கைச் சாய்த்து மேலும் கீழும் ஆட்டினால் ஒரு கையாலேயே இரட்டிப்பு அடி வரும். எல்லாவற்றிலும் வருகிற பொதுவான கோளாறு ஒன்று: வேகம் ஏற ஏற ஸ்டிக் உயரம் குறையும், ஸ்னேர் முனகத் தொடங்கும், சிம்பல் கை மட்டும் பழைய பலத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும். ஸ்னேர் மைக்கில் ஸ்னேரைவிடச் சிம்பல் பெரிதாக விழும். அதற்குப் பிறகு சவுண்ட் என்ஜினியரால் செய்ய ஒன்றும் இல்லை. ஸ்னேரைத் தூக்கினால் சிம்பலும் கூடவே வரும். சிம்பல் கையை வேண்டுமென்றே தணித்து அடிக்கப் பழகுவதுதான் வழி. மெட்டலில் இது யாரும் எதிர்பார்க்காத பாடம்.

சிம்பல் உடைவதற்கும் பலம் மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். நட்டை இறுக்கிவிட்டால் அடி வாங்கிய தகடு ஆட முடியாமல் விளிம்பில் வெடிக்கும். நடு ஓட்டைக்குள் பிளாஸ்டிக் குழாய் போடாமல் விட்டால் இரும்புக் கம்பி ஓட்டையை அரித்துச் சாவித்துளை போல நீட்டிவிடும். தகட்டை நேராக நிறுத்தி விளிம்பில் செங்குத்தாக அடிப்பது இன்னொரு காரணம். லேசாகச் சாய்த்து, வழுக்கினாற்போல அடிக்க வேண்டும். ஸ்டிக் என்றால் பெரும்பாலானோர் 5பி, அதாவது சுமார் 15 மில்லிமீட்டர் தடிமன். 16 மில்லிமீட்டர் 2பி சத்தத்தைக் கூட்டும். மணிக்கட்டு வலியையும் கூட்டும்.

டிரிகர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "அது ஏமாற்று" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கிக் டிரம்மின் வளையத்தில் பொருத்தும் சிறு உணரி அது. தோலின் அதிர்வைப் பிடித்து மாட்யூலுக்கு அனுப்பும். மாட்யூல் ஏற்கெனவே பதிந்து வைத்த கிக் ஒலியை விடும். 220 பிபிஎம்மில் கணுக்கால் அடிக்குச் சத்தம் குறைவு என்பதால் கிட்டார் சுவருக்குப் பின்னால் அது காணாமல் போகும். டிரிகர் அதைச் சமன்செய்கிறது. ஆனால் அது பலத்தைத்தான் சமன்செய்யும், நேரத்தை இல்லை. நொண்டுகிற கால் டிரிகரில் இன்னும் பளிச்சென்று நொண்டும்.

மேடையில் டிரிகர் சொதப்புவது பெரும்பாலும் இரண்டு எண்களால். ஒரு அடிக்குப் பிறகு எத்தனை மில்லி செகண்ட் அடுத்ததைக் கண்டுகொள்ளக் கூடாது என்பது மாஸ்க் டைம். இரட்டை ஒலி வருகிறதே என்று பயந்து அதை 70க்கு ஏற்றி வைத்துவிடுவார்கள். 200 பிபிஎம்மில் இடைவெளி 75 என்பதால் எதுவும் தெரியாது. 250 பிபிஎம் பாட்டு வந்ததும் இடைவெளி 60. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி அடிகள் காணாமல் போகும். 30, 40ல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது நல்லது. மற்றொரு எண் திரெஷோல்ட், அதாவது எவ்வளவு பலமான அதிர்வை அடியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவு. அது தாழ்வாக இருந்தால் பேஸ் கிட்டாரின் அதிர்வு டிரம் மேடை வழியாக ஏறி, யாருமே மிதிக்காமல் கிக் ஒலிக்கும். ஒலிச்சோதனையில் பேஸ் கிட்டாரை முழுச் சத்தத்தில் வாசிக்கச் சொல்லி அதைச் சரிசெய்ய வேண்டும். தனியாக உட்கார்ந்து சரிசெய்தால் பயனில்லை.

ஸ்டூடியோவில் கணினி இன்னும் ஆழமாக நுழைந்துவிட்டது. டிரம்ஸ்தான் பெரும்பாலும் முதலில் பதிவாகும், கிளிக்கோடு (காதில் ஓடும் மெட்ரோனோம் ஒலி). பிறகு அடிகளைக் கட்டத்துக்கு நகர்த்துவது, ஒலியை மாற்றுவது எல்லாம் நடக்கும். மெஷுகா 2005ல் ஒரு முழு ஆல்பத்துக்கே புரோகிராம் செய்த டிரம்ஸைப் பயன்படுத்தியது. அதே குழுவின் தோமாஸ் ஹாகே மூன்று வருஷம் கழித்து 'பிளீட்' பாட்டுக்காகக் கால் பயிற்சியை ஏறக்குறைய புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே ஆளின் வேலை வாழ்க்கையில் வரும்.

எத்தனை வருஷம் தாங்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். பிளாண்டி குழுவின் டிரம்மர் கிளெம் பர்க்கை வைத்துப் பிரிட்டனில் செய்த ஆய்வில், மேடையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 190 வரை போவதைக் கண்டார்கள். அது ராக். மெட்டலில் இந்த உழைப்போடு ஒரே அசைவு ஆயிரக்கணக்கான முறை திரும்ப வருவதும் சேர்கிறது. முதலில் போவது மணிக்கட்டும் முழங்கைத் தசைநாரும். அடுத்தது கீழ் முதுகு. பீட் சாண்டோவல் முதுகு அறுவைச் சிகிச்சையால் மார்பிட் ஏஞ்சலின் 2011 ஆல்பத்தில் வாசிக்க முடியாமல் போனது. ஜோயி ஜார்டிசன் 2013ல் ஸ்லிப்நாட்டை விட்டுப் பிரிந்தபோது காரணம் வெளியே வரவில்லை. தண்டுவட அழற்சியால் கால்கள் செயலிழந்திருந்ததை 2016ல்தான் அவரே சொன்னார். மெக்பிரைனுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. சில வேகமான உருட்டல்களை எளிமையாக்கிக்கொண்டு இரண்டு வருஷம் சுற்றுப்பயணம் போய், 2024 டிசம்பரில் 72 வயதில்தான் மேடைப் பயணத்தை நிறுத்தினார்.

உடம்பின் குறையை மீறியவர்களில் டெஃப் லெப்பர்டின் ரிக் ஆலன் தனி. 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். இடது கை செய்த வேலையை இடது காலுக்கு மாற்றினார்: மின்னணுக் கிட், ஸ்னேர் முதலான ஒலிகளுக்கெல்லாம் தனித்தனிப் பெடல். 1986ல் டானிங்டன் விழா மேடைக்கே திரும்பிவிட்டார்.

காது விஷயத்தில் மீட்சி கிடையாது. அமெரிக்கத் தொழில்நலக் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸ் இருக்கையில் 100ஐத் தாண்டுவது சாதாரணம், ஆக ஒரு பயிற்சி நேரத்திலேயே அன்றைய ஒதுக்கீடு பலமுறை தீர்ந்துவிடும். மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிக் தன் காது இரைச்சல் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். காதுக்குள் பொருத்தும் மானிட்டர் காப்பாற்றும், ஒரு நிபந்தனையோடு: அது காதை நன்றாக அடைக்க வேண்டும். லூசாக இருந்தால் வெளிச்சத்தத்தை வெல்ல கிளிக்கை ஏற்றுவீர்கள். பிறகு கிளிக்கே காதைக் கெடுக்கும்.

பணம் என்று வந்தால், அடிப்படைக் கேள்வி ஒன்று: பாட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? இசையமைப்பு உரிமை என்பது பொதுவாக மெட்டுக்கும் வரிகளுக்கும்தான் போகும். தாளம் எவ்வளவு புதுமையாக இருந்தாலும் டிரம்மர் பெயர் தானாக வராது. குழு ஒத்துக்கொண்டால்தான் வரும். பிளாக் சாபத்தின் ஆரம்பகாலப் பாட்டுகள் நால்வர் பெயரிலும் பதிவானதால் பில் வார்டு இன்றும் அவற்றின் படைப்பாளிகளில் ஒருவர். அதே வார்டு, 2012 மறுஇணைப்பின்போது தனக்குத் தரப்பட்டது கையெழுத்திட முடியாத ஒப்பந்தம் என்று அறிவித்து ஒதுங்கினார். 2013 ஆல்பத்தில் பிராட் வில்க் வாசித்தார். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் நடந்த கடைசி நிகழ்ச்சிக்குத்தான் வார்டு திரும்பி வந்தார். லொம்பார்டோவும் ஸ்லேயரும் 2013ல் பிரிந்ததும் சுற்றுப்பயண வரவு செலவுத் தகராறில்தான்.

குழு உறுப்பினரும் கூலிக்கு வாசிப்பவரும் ஒரே மேடையில் இருப்பார்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு தொழில். கூலிக்கு என்றால் நிகழ்ச்சிக்கு இவ்வளவு, ஒத்திகை நாளுக்கு இவ்வளவு, சாப்பாட்டுப்படி, பயணச் செலவு, நிகழ்ச்சி ரத்தானால் எவ்வளவு, பதிவு செய்த ஒலியை மறுபடி பயன்படுத்தினால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ரத்து என்ற வரியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். டி-சர்ட் விற்பனையில் பங்கு பெரும்பாலும் உறுப்பினருக்கு மட்டுமே; நடுத்தரக் குழுக்களுக்கு உண்மையான வருமானமே அதுதான். டிரம், சிம்பல் கம்பெனிகளோடு ஒப்பந்தம் என்று பெருமையாகச் சொல்வதும் பெரும்பாலும் தள்ளுபடி விலை மட்டுமே, சம்பளம் இல்லை. அதனால்தான் பெயர்பெற்ற டிரம்மர்கள்கூடப் பாடம் நடத்துகிறார்கள், வீட்டிலிருந்தே மற்றவர்களின் ஆல்பத்துக்கு வாசித்து ஃபைல் அனுப்புகிறார்கள்.

இடம் காலியாவதும் நிரம்புவதும் சட்டென்று நடக்கும். 2024 பிப்ரவரியில், விடைபெறும் சுற்றுப்பயணம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது எலோய் காசாகிராண்டே செபல்துராவை விட்டு விலகினார். சில வாரங்களில் ஸ்லிப்நாட்டில் இருந்தார். செபல்துராவும் பயணத்தை நிறுத்தவில்லை, கிரேசன் நெக்ருட்மேனை உட்கார வைத்துக் கிளம்பிவிட்டது. இப்படி அவசரத்தில் கூப்பிடும்போது பட்டியலில் இருபது பாட்டு இருக்கும். ஆல்பத்தை மட்டும் கேட்டுப் போகாதீர்கள்: மேடையில் குழுக்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பிபிஎம் வேகமாக வாசிக்கும், முடிவுகள் மாறியிருக்கும். அண்மைய நிகழ்ச்சியின் பதிவையும் கிளிக் ஃபைல்களையும் கேட்டு வாங்குங்கள். கிட் அங்கே இருக்கும். ஸ்னேர், சிம்பல், பெடல் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும், கூடவே ஒரு உதிரி ஸ்பிரிங், டிரம் சாவி, தண்டுக்கான அறுகோணச் சாவி. விழாக்களில் ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற இருபது முப்பது நிமிடம்தான். பெடலைக் கழற்றிய இடத்திலேயே திரும்பப் பொருத்த, தரை விரிப்பில் டேப்பால் குறி ஒட்டிக்கொண்டு போங்கள்.